ஐம்பதில் ஒன்று

சோதனை போனின் கிளிப்பை டெலிபோன் கம்பியில் மாட்டியதுமே மணி அடித்தது. தெருக் குழிக்குள் குந்தியிருந்தவன், பழக்கதோஷத்தில் "ஹலோ" என்றுவிட்டான்.

"யாருங்க? அம்மா இல்லையா? அம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு."

"எந்த நம்பரும்மா? நான் டெலிபோன் கேபிள் ஒட்டுறவன்..."

மேலே ஒரு பஸ் போனது. தெருத்தண்ணீர் மொத்தமாகக் குழிக்குள் விழுந்தது. கை வழுக்கியது.

கிளிப் கழன்றுவிட்டது.

காலையில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டியவர்களின் கடப்பாரை கேபிளை அறுத்திருந்தது. ஐம்பது வீட்டுக்கு வரும் அழைப்பெல்லாம் இந்தக் குழியோடு நின்றது. ஐம்பது ஜோடிக் கம்பி. எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்புக் காகிதச் சுற்று.

ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தான்.

டயல் டோன்.

டயல் டோன்.

அந்தப் பெண் வைத்துவிட்டிருந்தாள்.

மேலே, கூட வேலைபார்க்கும் காதர் பாய் நனைந்துகொண்டே தார்ப்பாயைப் பிடித்திருந்தார். வீடு தேடி அவர் போனால் மழை நேராக இறங்கும். இவன் போனால் காகிதம் தண்ணீர் குடித்துவிடும். பிறகு நான்கு நாளைக்கு ஒரு வீட்டிலும் மணி அடிக்காது.

"என்னடா, பேயடிச்ச மாதிரி நிக்கிறே?"

சொன்னான்.

பாய் தெருவை ஒருமுறை பார்த்தார். எல்லாக் கதவும் மழைக்குச் சாத்தியிருந்தது.

"முதல்ல வேலையை முடி. திரும்பக் கூப்பிடும் அந்தப் பிள்ளை."

அறுந்த நுனிகளைச் சேர்த்து முறுக்கினான். ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி. இதுவாக இருக்குமோ என்று ஒவ்வொன்றிலும் விரல் நின்றது. நிற்க நேரமில்லை.

காய்ச்சிய மெழுகை ஊற்றினான். ஈரம் இருந்த இடமெல்லாம் சடசடவென்று பொரிந்து நுரைத்தது. நுரை அடங்கும்வரை ஊற்றினான். பக்கத்துக் கேபிள் கருகாமல் தீத்தடுப்புத் துணியைச் சுற்றினான். ஈய உறையை மூடி, ஓரத்தை உருக்கி ஒட்ட ஊதுவிளக்கின் தீயைக் காட்டினான். காற்றில் ஜுவாலை இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் வாய்விட்டுத் திட்டினான்.

ஒன்றரை மணி நேரம்.

உறை ஆறுவதற்குள் மேலே ஏறிவிட்டான்.

முதல் வீட்டில், ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை என்றார்கள். இரண்டாவதில் அவன் கோலத்தைப் பார்த்து ஜன்னலோடு பேசி அனுப்பினார்கள். மூன்றாவது பூட்டியிருந்தது.

நான்காவது வீட்டில் ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். ஒரு கையில் குடை. மறு கையில் பிளாஸ்க்.

"உங்க வீட்டுல யாராவது ஆஸ்பத்திரியில..."

"எங்க வீட்டுக்காரர்தான். கஞ்சி கொண்டு போகணும், மழை கொஞ்சம் விடட்டும்னு இருந்தேன். பொண்ணு கூட இருக்கா. ஏதாவதுன்னா போன் பண்ணியிருப்பாளே. ஏன் தம்பி?"

அவன் வாயைத் திறந்தான்.

உள்ளே மணி அடித்தது.

"அட, இதோ அவளே போன் பண்றா!" அவர் முகம் மலர்ந்தது. "இதைக் கொஞ்சம் பிடிப்பா."

பிளாஸ்க்கை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.