முதல் தர மரம்

கனடாவின் தண்டர் பே ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் காடுதான். அந்த ஊரில் நாலு பலகை வாங்குவதற்கு மார்லீன் கோஸ்கெலா தன் கணவரின் மீன்பிடிப் படகை விற்க வேண்டியிருந்தது.

கணவர் ரைனோ இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெள்ளிக்கிழமை சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார். வாசலில் ஐந்து படிகள். அவற்றின் மேல் மரத்தில் ஒரு சாய்தளம் கட்டியாக வேண்டும்.

கான்ட்ராக்டர் டேரில் பிக்கெட் ஏப்ரலில் நாலாயிரம் டாலர் என்றான். மே மாதம் காட்டுத்தீயைக் காட்டி ஐயாயிரம் ஆக்கினான். ஜூனில் வரி, லாரி வாடகை என்று ஏழாயிரத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். ஒவ்வொரு முறையும் இழவு வீட்டுக்கு வந்தவன் போல முகத்தை வைத்துக்கொள்வான். ஓட்டி வரும் வண்டி மட்டும் புத்தம் புதியது.

"முதல் தர மரம் மேடம். இன்னைக்கு விட்டா நாளைக்கு இந்த விலைக்கும் கிடைக்காது."

ரைனோ திரும்பவிருந்த வாரத்தின் திங்கட்கிழமை, பச்சைச் சாயம் ஏற்றிய பலகைகள் முற்றத்தில் இறங்கின. டேரில் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலையில் தார்ப்பாயோடு சேர்த்து எல்லாவற்றையும் காணவில்லை.

டேரில் வந்து காலியிடத்தைப் பார்த்தான். பதறவில்லை. காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஒப்பந்தத் தாளை நீட்டினான்.

"உங்க இடத்துல இறக்கின சரக்குக்கு நீங்கதான் பொறுப்பு. இதோ, எழுதியிருக்கு பாருங்க. புது லோடுக்கு இன்னும் ரெண்டாயிரம் ஆகும். மரம் விக்கிற விலைக்கு ஊர்ல திருட்டு ஜாஸ்தி மேடம்."

"சரக்கு வந்தது எனக்கும் உனக்கும்தான் தெரியும். நான் எடுக்கல."

"என்ன சொல்ல வர்றீங்க?"

"ஒரே மரத்தை நீ எனக்கு ரெண்டு தடவை விக்கப் பாக்குறேன்னு சொல்றேன். வெக்கமா இல்ல உனக்கு?"

கான்ஸ்டபிள் பொலியூ வரவழைக்கப்பட்டார். டேரில் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினான். "என் கிடங்கைத் திறந்து பாருங்க சார். மூலை முடுக்கு விடாம பாருங்க."

பார்த்தார். மார்லீன் வீட்டுப் பலகை ஒன்றுகூட அங்கே இல்லை.

"ஆதாரம் இல்லாம இப்படிப் பழி போடக் கூடாது மேடம்" என்றார் பொலியூ.

"திருடினதைச் சொந்தக் கிடங்குல வைக்க அவன் என்ன மடையனா? ஊரையே மொட்டை அடிக்கிறவன்!"

ஆனால் வெள்ளிக்கிழமை யாருக்காகவும் காத்திருக்காது. வேறு வழியில்லாமல் இரண்டாவது லோடுக்குக் கையெழுத்துப் போட்டாள். டேரில் தன் பேனாவைத்தான் கொடுத்தான். போகும்போது மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை ஜன்னல் திரையை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பழைய இடத்திலேயே பலகைகள்! அதே தார்ப்பாய். அதே உயரம். கட்டுகூட ஒழுங்காகப் போட்டிருந்தது.

பொலியூவுக்குப் போன் செய்தாள். அவர் வந்து சேர்ந்த நேரத்தில் டேரிலும் புது லோடு பற்றிப் பேச வந்து இறங்கினான். முற்றத்தைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது.

"போலீஸ்னதும் தொடை நடுங்கிடுச்சு பாத்தீங்களா!" மார்லீன் படியிலிருந்தே கத்தினாள். "ராத்திரியோட ராத்திரியா கொண்டுவந்து போட்டுட்டான்!"

"நான் இல்ல சார். சத்தியமா நான் இல்ல."

"அப்புறம் யாரு? மரமே தானா நடந்து வந்துச்சா?"

"சார், பாயைப் பிரிக்க வேணாம். நானே அப்படியே ஏத்திட்டுப் போயிடறேன். மேடம் காசைக்கூடத் திருப்பிக் கொடுத்துடறேன்."

மூன்று மாதத்தில் டேரில் வாயிலிருந்து வராத வார்த்தை அது. பொலியூ அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்த்துப் பாயைத் தூக்கினார். மேல் பலகையில் பென்சிலால் யாரோ கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதை உரக்கப் படித்தார்:

"வீட்டுக்காரரே, பச்சைச் சாயத்தைச் சுரண்டிப் பாருங்க, உள்ள அத்தனையும் உளுத்த மரம், விக்கப் போன இடத்துல என்னை மோசடிக்காரன்னு சொல்லித் துரத்திட்டாங்க!"