பல்லி எழுந்து வரும் இசை

ரெட்டியார்பாளையத்து வீட்டுக் கூடத்தில், பழைய ராட்சத மிருகப் படங்களின் இசையைத் திரட்டி மறுபடி வெளியிட்டிருக்கும் இசைத்தட்டு சுழல்கிறது. ஜன்னல் வெயில் அதன் கறுப்பில் வழுக்குகிறது. "கடல்லேருந்து ராட்சதப் பல்லி எழுந்து வர்ற எடம். இதே மியூசிக்கத்தான் மூணு படத்துல போட்டிருக்காங்க," என்கிறான் ஜோசப் ஆனந்த். எக்காளங்கள் முழங்க, அடுக்களையில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்த மனைவி லினெட்டின் கை நிற்கிறது. "நாலாவதும் இருக்குதுங்க. நம்ம கல்யாண வீடியோ. நான் கோயிலுக்குள்ள வர்றப்ப வீடியோக்காரர் இதத்தான் போட்டிருந்தார்." வீடியோவில் அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் இசையைக் கேட்டதே இல்லை, வந்தவளைத்தான் பார்த்திருக்கிறான். ஊசியைத் தூக்கி மெல்ல ஆரம்பத்தில் வைக்கிறான். எக்காளங்கள் மறுபடி எழுகின்றன. லினெட் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, இஞ்சி மணக்கும் கைகளைக் கூப்பியபடி, சிரிப்பை அடக்கி, அடுக்களையிலிருந்து நடந்து வருகிறாள். அவன் எழுந்து நிற்கிறான்.