கோமு வந்தால் நிற்கும் எஞ்சின்

"இவ இந்த வீட்டுல இருக்க வரைக்கும் அந்த எஞ்சின் ஓடாது. நான் பாபநாசத்துல தை அமாவாசைக்கு முங்கிட்டு வாரேன். வாரதுக்குள்ள இவளை அம்மை வீட்டுல கொண்டு விட்டுரு. திரும்ப அழைக்காண்டாம்."

மகன் அம்மையப்பனிடம் பாலம்மாள் ஆச்சி இதைச் சொன்னபோது மருமகள் கோமு பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் ஆச்சி சொன்னதே.

ஐந்தாம் ஜார்ஜ் பட்டாபிஷேகம் முடிந்து வந்த தை மாதம் அது. சேரன்மாதேவிப் பக்கம், ஆற்றுத் தண்ணீரை மேட்டு வயலுக்கு ஏற்றுவதற்காக, தூத்துக்குடிப் பஞ்சாலை ஒன்றில் உழைத்து ஓய்ந்த எண்ணெய் எஞ்சினை அம்மையப்பன் வாங்கிப் போட்டிருந்தான். கோமு மணமாகி வந்த அன்றைக்கென்று பார்த்து அது முதன்முதலாக நின்றது. எஞ்சினுக்கு வாயில்லை, புது மருமகளுக்கும் இல்லை. பழி யார் மேல் விழும் என்று சொல்லவா வேண்டும்?

கொழும்பில் மோட்டார் படகு ஓட்டிப் பழகிய காயல்பட்டினத்து நூகு வந்து பார்த்தார். தீப்பொறி கொடுக்கும் காந்தம் கிழடுதட்டிப் போயிற்று என்று அதைக் கழற்றி வீசினார். பழைய படகு ஒன்றின் பாட்டரியையும் கம்பிச்சுருளையும் பலகையில் பொருத்தி எஞ்சினோடு இணைத்தார். வெள்ளைப் பீங்கான் வைத்த பிளக்கைக் காட்டி, இதில் ஈரம் பட்டால் பொறி உள்ளே பாயாமல் வெளியிலேயே ஒழுகிப் போய்விடும் என்றும் எச்சரித்தார். எஞ்சின் நன்றாகவே ஓடியது. கோமு அப்போது தங்கை கல்யாணத்துக்காக அம்பாசமுத்திரம் போயிருந்தாள்.

அவள் திரும்பி வந்த மறுநாள் காலை எஞ்சின் கிளம்பவில்லை.

நூகு மறுபடி வந்தார். எதையும் கழற்றுமுன் துணியால் ஒரு துடை துடைப்பது அவர் பழக்கம். துடைத்தார், கழற்றினார், பொறி பளிச்சென்று வந்தது. மாட்டினார், ஓடியது. அவர் ஊருக்குப் போன மறுநாளே நின்றது. கோமுவை அம்மை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், ஓடியது. அழைத்து வந்தார்கள்; நின்றது. பெண்டாட்டி மேல் கொள்ளை ஆசை வைத்திருந்த அம்மையப்பனுக்கே மனசு கலங்கிவிட்டது. மேட்டு வயலில் பிசான நெல் பால்பிடிக்கிற நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

ஆச்சியின் வண்டி பாபநாசத்துக்குக் கிளம்பியதும், திரும்பவும் வரவழைக்கப்பட்டிருந்த நூகுவிடம் கோமு நேராகப் போனாள்.

"அண்ணாச்சி, பழுது எதுலன்னு தெரியலன்னா ஒவ்வொரு சாமானா மாத்திப் பார்க்கணும்னு சொன்னியளே?"

"ஆமா தங்கச்சி."

"என்னைய மாத்தி மாத்திப் பார்த்தாச்சு. அத்தைய இன்னும் மாத்திப் பார்க்கலியே. அவுக வார வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன். அப்பவும் எஞ்சின் நின்னா, நானே பொட்டியக் கட்டுதேன்."

அம்மையப்பன் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றத் தயாராகப் போய் நின்றான். நூகு சிரித்துக்கொண்டே துணியை எடுத்தார்.

அன்றைக்கு எஞ்சின் ஓடியது. மறுநாள் விடிந்ததும் முதல் சுற்றிலேயே பற்றிக்கொண்டது. அடுத்த நாளும் அப்படியே. வாய்க்கால் நிறைந்து தண்ணீர் மேட்டு வயலில் பாய்ந்தபோது, கோமு அதில் காலை நனைத்துக்கொண்டு சிரித்தாள். கூடவே அழுகையும் வந்தது. அம்மையப்பன் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு எஞ்சினைக் காட்டினான். காரணம் மட்டும் நூகுவுக்கே பிடிபடவில்லை.

பாபநாசத்திலிருந்து திரும்பிய ஆச்சி, சத்தம் கேட்டு முகமெல்லாம் மலர்ச்சியாக, அம்மையப்பன் நின்ற எஞ்சின் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

"பார்த்தியாலே, அவ போனதும் எப்படி ஓடுதுன்னு."

எஞ்சினுக்குப் பின்னாலிருந்து கோமு செம்போடு வந்தாள். "வாங்க அத்தை. தண்ணி குடிக்கியளா?"

ஆச்சிக்கு முகம் வெளிறிப் போயிற்று.

"இவ இங்கனயா நிக்கா? எஞ்சின் வெறும் நெத்தியோடல்லா கிடக்கு. இவ கண்ணு பட்டுரக் கூடாதுன்னுதான, இவ இருக்க நாளெல்லாம் விடியுமுன்ன வந்து பட்டை போட்டுட்டுப் போறேன்" என்று பதறியவள், முந்தியில் முடிந்திருந்த பாபநாசத்துத் திருநீற்றைச் செம்புத் தண்ணீரில் குழைத்து, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் மூன்று விரலால் இழுத்தாள், இழுத்த வேகத்திலேயே பொறி சுரீரென்று அடிக்க, வெடுக்கென்று கையை உதறினாள்.

வெள்ளை மேல் வெள்ளை, யார் கண்ணுக்கும் தெரியவில்லை; எஞ்சின் மட்டும் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. கோமு முந்தானையால் அந்த நெற்றியை அழுத்தித் துடைத்துவிட, அம்மையப்பன் சக்கரத்தைச் சுழற்றினான். ஆச்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.