நாற்காலிப் பொம்மை

விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி போடவேண்டும் என்று சட்டம் வந்ததும் ஜவுளிக்கடை முதலாளி தாராளமாக வாங்கிப் போட்டார். மேலாண்மைப் பயிற்சி முடித்துப் புதிதாக வந்திருந்த ஃப்ளோர் மேனேஜர் குமரகுரு, காலி நாற்காலி சோம்பலை வளர்க்கும் என்று அங்கே கற்றிருந்ததால், ஒவ்வொன்றிலும் பட்டுப்புடவை கட்டிய ஒரு பொம்மையை உட்காரவைத்தார்.

ஏழு மாதக் கர்ப்பிணியான விற்பனைப் பெண் வடிவு கெஞ்சினாள். "சார், காலு மரத்துப்போச்சு. கொஞ்சம் உக்காந்துக்கிடட்டுமா?"

"உக்காரேம்மா, யாரு வேணாம்னா? எது காலியா இருக்கோ அதுல உக்காரு."

மதியம் ஒரு பொம்மை தரையில் கிடந்தது. அதன் புடவையைச் சீருடைமேல் சுற்றிக்கொண்டு, வடிவு நாற்காலியில் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். குமரகுரு கத்த வாயெடுப்பதற்குள், புடவை வாங்க வந்த அம்மாள் ஒருத்தி, பொம்மைதானே என்று வடிவின் முந்தானையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்கே, பிரிச்சுக் காட்டுங்க."

வாடிக்கையாளர் முன்னால் ஊழியரைக் கண்டிக்கக் கூடாது. வாடிக்கையாளர் கேட்டதை மறுக்கவும் கூடாது. இரண்டுமே பயிற்சியில் சொன்னவைதான்.

"உங்களுக்கில்லாததாம்மா?" என்று குழைந்து சிரித்தபடி, குமரகுரு குனிந்து வடிவின் தோளிலிருந்த ஊசியைக் கழற்றினார்.

வடிவு எழுந்திருக்கவில்லை.