கரையேறாதவள்

தோள்பட்டை பிசகியிருந்ததால் அன்று வனஜா கடலில் இறங்கவில்லை. ஞாயிறு தவறாமல் மிதவை வரை நீந்தித் திரும்பும் அந்தக் கூட்டத்தில், ஆறு வருடங்களாக அவளும் கணவர் சுதர்சனும் பக்கத்தில் பக்கத்தில்தான் நீந்துவார்கள். மறதி நோய் ஆரம்பித்த பிறகும் அவருக்கு நீச்சல் மட்டும் மறக்கவில்லை. "நான் பாத்துக்கிறேன்க்கா" என்று சொல்லித்தான் கூட நீந்தும் ஜெரால்டு அவரை அழைத்துப்போனான்.

மிதவையைத் தொட்டு எல்லோரும் திரும்பினார்கள். சுதர்சனின் மஞ்சள் தொப்பி மட்டும் ஆழ்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. வனஜா இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடி விசில் ஊதினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். காற்று கரையைப் பார்த்து அடித்ததில் குரல் அவர்வரை போகவில்லை. ஜெரால்டு துரத்திப் பார்த்தான், எட்டவில்லை.

கடைசியில் மீன்பிடித்துத் திரும்பிய ஒரு படகுதான் அவரைத் தூக்கி வந்தது. நடுங்கியவர்மேல் வனஜா துண்டைப் போர்த்தினாள். அவர் அவளை மரியாதையாகப் பார்த்தார்.

"மேடம், எங்க வீட்டம்மா என்கூடதான் நீந்திட்டு வந்தா. திடீர்னு பக்கத்துல காணோம். தேடிப் போனவனை இவங்க பாதியில இழுத்துட்டு வந்துட்டாங்க. கொஞ்சம் விடச் சொல்லுங்களேன்."

"நான்தாங்க வனஜா."

"ஆமா, வனஜாதான்!" என்றார் ஆவலாக. "நீங்க பாத்தீங்களா அவளை?"

அவள் அவருடைய மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டே இருந்தார்.