மொட்டைச் சரிவு

அண்ணன்கள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

எதிரே கிழக்குச் சரிவு முழுக்க மஞ்சள். மருந்துக்கும் ஓர் இலை கிடையாது, அத்தனையும் பூ.

"இதுவா நம்ம மொட்டைச் சரிவு?" என்றார் பெரியண்ணன்.

கடைக்குட்டி தலையாட்டினாள். ஐம்பதைத் தாண்டியும் அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

எதைப் பங்கு போட்டாலும் மூத்தவர் முதலில் எடுப்பார், அடுத்து சின்னவர், மிச்சம் கடைக்குட்டிக்கு. கோழிக்கால் இரண்டும் அண்ணன்களுக்கு, கழுத்து அவளுக்கு. கழுத்துதான் ருசி என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, இப்போது உண்மையிலேயே பிடித்துத் தொலைத்துவிட்டது.

அப்பாவின் காட்டையும் இந்தக் கோடையில் அப்படித்தான் பிரித்தார்கள்.

ஆற்றோரம் பச்சைப்பசேல் என்று நின்றதைப் பெரியண்ணன் எடுத்தார். பாதையோரப் பச்சையைச் சின்னண்ணன். மரங்கள் எலும்புக்கூடாக நின்ற கிழக்குச் சரிவு அவளுக்கு.

"அடுப்பெரிக்க ஆகும்மா" என்று பெரியண்ணன் ஆறுதல் சொன்னார். சிரிப்பை அடக்கியதில் அவருக்குப் புரையேறியது. கடைக்குட்டிதான் தலையில் தட்டிவிட்டாள்.

அண்ணன்கள் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். கோடை விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவார்கள், வெளியூரில் வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். அவர்கள் பார்த்தபோதெல்லாம் அந்தச் சரிவு மொட்டையாகத்தான் இருந்தது. முதல் மழைக்குப் பிறகு அது என்ன ஆகும் என்பது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அப்பா, அவர் தோளில் உட்கார்ந்து பூப்பறித்த கடைக்குட்டி. உலகத்தில் வேறு எதற்கும் அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை.

சின்னண்ணன் தொண்டையைச் செருமினார். "வேணும்னா சீட்டுக் குலுக்கிப் போட்டு, மறுபடியும்..."

"மூத்தவரு எடுத்தா எடுத்ததுதானேண்ணே. நம்ம வீட்டு வழக்கத்தை நாமளே மாத்தலாமா?"

காற்று வீசியது. ஒரு பூ சுழன்று வந்து பெரியண்ணனின் வழுக்கையில் நிதானமாக அமர்ந்தது. அவள் தட்டிவிடவில்லை. அங்கேயும் ஒன்று பூக்கட்டுமே.

"சாப்பிட வாங்க. கோழி அடிச்சிருக்கேன். கால் ரெண்டும் உங்களுக்குத்தான்."

முன்னால் நடந்தாள். ஐம்பது வயதுக்காரி நடக்கிற நடையாக அது இல்லை.

காட்டை முதல் மழை பெய்ததும் பிரிக்கலாம் என்றுதான் பெரியண்ணன் முதலில் சொல்லியிருந்தார்.

"சேத்துல உங்க ஷூ பாழாயிடும்ண்ணே, கோடையிலேயே வந்துடுங்க" என்று போன் போட்டு வரவழைத்தவள் கடைக்குட்டி.