குடுமிப் பாடம்

"நுனியிலேர்ந்து சிக்கு எடுங்க. வெடுக்குன்னு இழுத்தா கடிச்சிடும்," என்றாள், நாய்களுக்கு முடி திருத்தும் கடைக்காரப் பெண்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர், அவளுடைய ஷிட்சூ நாயின் கண்ணை மறைத்த முடியைப் பதமாகச் சீவிக் குடுமி போட்டார். மூன்று வாரமாக அவளிடம் இதைக் கற்றுப் பழகுகிறார். இன்றுதான் அது சிணுங்கவில்லை.

"கை வந்துடுச்சு சார்! அடுத்த வாரம் உங்க நாயைக் கூட்டிட்டு வாங்க."

அடுத்த வாரம் ஐந்து வயது மகளோடு வந்தார்.

"நாய் எங்க சார்?"

"எங்க வீட்டுல நாயே இல்லைங்க. சீப்பைக் கண்டாலே இவ அழுவா. லேடீஸ் பார்லர்ல கத்துக்கலாம்னு போனா, ஆம்பளைய உள்ளயே விடல."

சிறுமியின் இரட்டைக் குடுமியில் ஒரு சிக்குகூட இல்லை.

"வலிச்சுதாடா கண்ணு?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

இல்லையென்று தலையாட்டிய சிறுமி, ஷிட்சூ நாயின் குடுமியையும் தன்னுடையதையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அதனிடம் கேட்டாள்:

"உனக்கும் அம்மா இல்லையா?"